இணையத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அரசு வரி போடலாமா?

#1 குறுக்குச்சால்

கோவில்பட்டிப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். "ஒரு மெயிலுக்கு 5 காசு வரி வரப்போகிறது" என்று ஒரு ஃபார்வர்ட் எங்கள் ஊர்க் குழுக்களில் சுற்றுகிறது. பார்த்தவுடனே பொய் என்று தெரிகிற வகை. ஆனால் அதைக் கொண்டுவந்து காட்டிய அக்கா கேட்டது நல்ல கேள்வி: "ஏன் தம்பி, இப்ப மட்டும் நெட்டுக்கு வரி இல்லையா?"

இருக்கிறது. 299 ரூபாய் பேக்கில் சேவைக்கான விலை 253 ரூபாய் 39 காசு. மீதி 45 ரூபாய் 61 காசு ஜிஎஸ்டி. ப்ரீபெய்டில் எல்லாம் சேர்த்தே விலை சொல்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பிராட்பேண்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் உறைக்கும், 399 என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு 470 ரூபாய் 82 காசு கட்டும்போது.

இணையத்துக்குள் நுழைவதற்கே அரசு வரி வாங்குவது நியாயமா? நியாயம் என்றால் எதன் மேல் போட வேண்டும்: ரீசார்ஜ் தொகை மேலா, ஜிபி கணக்கிலா, நாள் கணக்கிலா, மெயில் கணக்கிலா? உலகத்தில் எங்காவது இப்படியெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

#2 வெட்டிப்பேச்சு

குட் மார்னிங் படங்களுக்கு மட்டும் வரி போடச் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பா ஒருத்தரே மாநிலக் கடனை அடைத்துவிடுவார்.

#3 கணக்கர்63

குறுக்குச்சால் தம்பி, உங்கள் கணக்கு சரி. கூடவே கொஞ்சம் பழைய கதையும் இருக்கிறது. 1994 ஜூலையில் இந்தியாவில் சேவை வரி வந்தபோது முதலில் மாட்டியது மூன்றே சேவைகள்: தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு. விகிதம் 5 சதவீதம். அன்றைக்கு வீட்டில் போன் இருந்தால் வசதியானவர் என்று அர்த்தம். பில் போடுவதும் அரசுத் துறையே. வசூலிக்க இதைவிடச் சுலபமான இடம் கிடைக்காது. ஜிஎஸ்டிக்கு முன்பு செஸ்களையும் சேர்த்து 15 ஆகியிருந்தது, 2017 ஜூலையில் 18 ஆனது.

இது பில்லில் வருகிற வரி. பில்லில் வராதது ஒன்று உண்டு. ஏஜிஆர் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டிய மொத்த வருவாய். நிறுவனங்கள் அந்த வருவாயில் 8 சதவீதத்தை உரிமக் கட்டணமாக அரசுக்குக் கட்டுகின்றன. அந்த எட்டில் ஐந்து, அதாவது வருவாயில் 5 சதவீதம், லாபம் வராத கிராமங்களுக்கு இணைப்புக் கொடுப்பதற்கான நிதிக்குப் போக வேண்டும். முன்பு யுஎஸ்ஓ நிதி என்று பெயர், 2024லிருந்து டிஜிட்டல் பாரத் நிதி. அலைக்கற்றை ஏலத்துக்குக் கொடுத்த பணம் தனி. எல்லாமே கடைசியில் உங்கள் கடையில் விற்கிற பேக் விலைக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

என் கருத்து இது. இணையம் ஒரு சேவை. ஹோட்டல் சாப்பாட்டுக்கு வரி உண்டென்றால் இதற்கும் உண்டு. இதற்கென்று தனி வரி போட்டால் எதிர்ப்பேன். தனி விலக்கு கேட்டாலும் எதிர்ப்பேன்.

#4 சர்வர்சாமி

அந்த மெயில் வரி ஃபார்வர்டுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் ஆகிறது. 1999 வாக்கில் அமெரிக்காவில் இதே கதை ஓடியது. '602பி' என்று ஒரு மசோதா வருகிறது, ஒரு மெயிலுக்கு 5 சென்ட் கட்ட வேண்டும், உடனே உங்கள் பிரதிநிதிக்கு எழுதுங்கள் என்று. அந்த எண்ணில் மசோதா எதுவும் கிடையாது. அமெரிக்காவில் மசோதாவுக்கு அந்த மாதிரி எண் போடுவதும் இல்லை. ஆனாலும் 2000 அக்டோபரில், நியூயார்க் செனட் தேர்தல் விவாதத்தில் ஹிலாரி கிளின்டனிடமும் ரிக் லேசியோவிடமும் இதைக் கேள்வியாகவே கேட்டார்கள். இரண்டு பேருமே, இல்லாத அந்த மசோதாவை எதிர்த்துப் பதில் சொன்னார்கள்.

நிஜமாகவே யோசனை வந்த இடம் ஐ.நா. 1999 மனித வளர்ச்சி அறிக்கையில் 'பிட் வரி' என்று ஒன்றைப் பேசினார்கள், அனுப்பும் டேட்டாவின் அளவுக்கு வரி. ஒருவர் நாளைக்கு 100 மெயில், ஒவ்வொன்றிலும் 10 கேபி ஆவணம் வைத்து அனுப்பினால் வரி 1 சென்ட். இதை 1996லேயே போட்டிருந்தால் 7,000 கோடி டாலர் கிடைத்திருக்கும், ஏழை நாடுகளுக்கு இணைப்புக் கொடுக்கலாம் என்பது கணக்கு. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். எதிர்ப்பு கிளம்பியதும், வரி போடும் திட்டமெல்லாம் எங்களிடம் இல்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டார்கள்.

அதே விகிதத்தை இன்றைக்கு வைத்துப் பாருங்கள். 100 மெயில், 10 கேபி வீதம், 1 எம்பி. அதற்கு 1 சென்ட். அப்படியென்றால் 1 ஜிபிக்கு 10 டாலர். குறுக்குச்சால் கடையில் தினம் ஒன்றரை ஜிபி பேக் போடுகிறவர் நாளைக்கு 15 டாலர் கட்ட வேண்டியிருக்கும்! பிட்டை எண்ணும் வரி பத்து வருஷம்கூடத் தாங்காது. போதாததற்கு, ஒரு மணி நேர எச்டி படம் 3 ஜிபி வரை இழுக்கும், கலெக்டருக்கு எழுதும் மனு 10 கேபியில் முடிந்துவிடும்.

மெயிலை எண்ணுவது இன்னும் கஷ்டம். யார் வேண்டுமானாலும் சொந்தமாக மெயில் சர்வர் போடலாம், நானே போட்டிருக்கிறேன். வழியில் நின்று எண்ணுவதற்கு ஆள் கிடையாது. ஒரே நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கும் இரண்டு பேருக்குள் போகிற மெயில் அந்த நிறுவனத்தை விட்டு வெளியே வருவதே இல்லை.

#5 நைல்கரை

எங்காவது செய்து பார்த்தார்களா என்று கேட்டீர்கள். நான் இருக்கும் ஊரிலேயே செய்தார்கள். உகாண்டா தலைநகர் கம்பாலாவில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் கணக்கு பார்க்கிறேன்.

2018 மார்ச்சில் உகாண்டா அதிபர் முசெவேனி நிதியமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். சமூக ஊடகங்களில் நடக்கும் வம்பளப்பின் விளைவுகளைச் சமாளிக்கப் பணம் வேண்டும், அதற்கு வரி போடலாம் என்பது சாரம். ஜூலை 1 அன்று வரி அமலுக்கு வந்தது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் மாதிரியான செயலிகளைத் திறக்க நாளுக்கு 200 ஷில்லிங். நம் பணத்தில் அன்றைக்கு மூன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வாரத்துக்கு 1,400, மாதத்துக்கு 6,000 என்று மொத்தமாகவும் கட்டலாம். கட்டாவிட்டால் போனில் டேட்டா இருக்கும், செயலி மட்டும் திறக்காது.

பணம் கட்டுவது மொபைல் மணி வழியாக. அதே ஜூலையில் மொபைல் மணி மேலேயும் 1 சதவீத வரி வந்தது. ஆக, வரி கட்டுவதற்காக போனில் போட்டுக்கொண்ட பணத்துக்கும் ஒரு வரி. பாடகராக இருந்து எம்.பி.யான பாபி வைன் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார், போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது. கடைசியில் மொபைல் மணி வரியை மட்டும் குறைத்தார்கள்: எடுக்கும் பணத்துக்கு மட்டும் அரை சதவீதம்.

ஜனங்கள் செய்தது ஒன்றே ஒன்று. விபிஎன், அதாவது எந்தச் செயலியைத் திறக்கிறோம் என்பதை மறைத்துத் தடையைச் சுற்றிப் போகும் மென்பொருள். எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர் முதல் மேலாளர் வரை எல்லார் போனிலும் வந்துவிட்டது. அது என்ன, எப்படி வேலை செய்கிறது என்றெல்லாம் யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் கொடுத்தார், போட்டுக்கொண்டார்கள். விபிஎன் கூடுதலாக டேட்டா தின்னும், பேட்டரியையும் தின்னும். இருந்தாலும் அந்த 200 ஷில்லிங்கைக் கட்டுவதில்லை என்று ஒரு வீம்பு.

வரி கட்டியவர்கள் ஜூலையில் சுமார் 80 லட்சம் பேர், செப்டம்பரில் 68 லட்சம். முதல் நிதியாண்டில் 28,400 கோடி ஷில்லிங் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வந்தது 4,950 கோடி. ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வம்பு பேசுகிறவர்களை நிறுத்தப் போட்ட வரி, வம்பு பேசாதவர்களைத்தான் பிடித்தது. இங்கே 'போடா போடா' என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சவாரி வாட்ஸ்அப்பில்தான் வரும். அவர்களுக்கு அந்தச் செயலி தொழில் கருவி.

2021 ஜூலையில் இந்த வரியைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக டேட்டா மேலேயே 12 சதவீதக் கலால் வரி, அதோடு ஏற்கெனவே இருக்கும் 18 சதவீத வாட். விபிஎன் போட்டு இதிலிருந்து தப்ப முடியாது.

#6 கணக்கர்63

நைல்கரை அவர்களுக்கு நன்றி. நீங்கள் சொன்னதிலேயே என் பதிலும் இருக்கிறது. உகாண்டாவில் தோற்றது வரியின் வடிவம். ஒவ்வொரு தெரு முனையிலும் டோல்கேட் வைத்தால் ஜனங்கள் வயல் வழியாகப் போகத்தான் செய்வார்கள். பெட்ரோல் விலையிலேயே வரியைச் சேர்த்துவிட்டால் யாரும் சுற்றிப் போவதில்லை. 2021க்குப் பிறகு அவர்கள் செய்தது அதுதான், நாம் 1994லிருந்து செய்துகொண்டிருப்பதும் அதுதான்.

#7 நைல்கரை

சார், தப்ப முடியாத வரி என்பதாலேயே அது நல்ல வரி ஆகிவிடுமா? மாதம் 6,000 ஷில்லிங் என்பது எங்கள் கிடங்கில் மூட்டை இறக்குகிறவரின் ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல். மேலாளருக்கு அது ஒரு காபி, ஒரு சமோசா. டேட்டா வரியிலும் அதே நிலைதான், கொஞ்சம் மறைவாக இருக்கிறது, அவ்வளவே. இவர் 100 எம்பி, 200 எம்பி என்று சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குகிறார். அதில் ஒரு எம்பியின் விலை எப்போதுமே அதிகம். வரி விலையின் மேல் ஏறுவதால், அவர் கொடுக்கும் வரியும் எம்பிக்கு அதிகம்.

#8 தபால்பெட்டி

நாற்பது வருஷம் தபால் துறையில் குப்பை கொட்டியவன். தபாலைக் காப்பாற்ற மெயிலுக்கு வரி என்று எவனாவது கிளப்பினால் முதலில் எனக்குத்தான் இனிக்க வேண்டும். இனிக்கவில்லை. காரணம் ரேடியோ லைசென்ஸ்.

இளையவர்களுக்குத் தெரியாது. வீட்டில் ரேடியோ வைத்திருப்பதற்கு லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்கு வந்து பணம் கட்டி முத்திரை வாங்கிக்கொண்டு போவார்கள். ஊரில் நாலு வீட்டில் வால்வு ரேடியோ இருந்த காலத்தில் அது நடந்தது. டிரான்சிஸ்டர் வந்து, மாடு மேய்க்கிறவர் தோளிலும் டீக்கடையிலும் பாட ஆரம்பித்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது? கௌரவம் பார்க்கிற வாத்தியார், ஓய்வுபெற்ற தாசில்தார் மாதிரி ஆட்கள் மட்டும் ஒழுங்காக வந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டத்துக்குப் பயந்தவன் மட்டும் கட்டுகிற வரி என்று எங்கள் ஆபீசில் சிரிப்போம். எண்பதுகளின் நடுவில் அதை எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயம். 2022 ஜூலையில் தபால் சேவைகளுக்கு ஜிஎஸ்டியை விரித்தபோது சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள்: தபால் கார்டு, இன்லேண்டு லெட்டர், புக் போஸ்ட், 10 கிராமுக்குக் குறைந்த கவர். ஏன் விட்டார்கள்? ஏழை எழுதும் கடிதத்துக்கு வரி வாங்குவது அழகில்லை என்ற ஒரு பழைய எண்ணம் இன்னும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஏழை எழுதும் கடிதம் வாட்ஸ்அப்பில் போகிறது. அதற்கு 18 சதவீதம். யாரும் எழுதாத இன்லேண்டு லெட்டருக்கு வரி இல்லை.

#9 வெட்டிப்பேச்சு

தபால்பெட்டி ஐயா, எங்கள் தாத்தா அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பத்திரப் பெட்டியில் நிலப் பட்டாவோடு வைத்திருந்தார். ரேடியோ போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும் புத்தகம் இருந்தது.

#10 கறுப்புக்கோட்டு

ஐயா சொன்ன அந்தப் பழைய எண்ணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 1712லிருந்து செய்தித்தாளுக்கு முத்திரை வரி இருந்தது. 1815ல் ஒரு பிரதிக்கு 4 பென்ஸ் வரை ஏற்றினார்கள். வருமானம் பாதி நோக்கம்தான். தொழிலாளிகள் அரசியல் பத்திரிகை படிக்கக் கூடாது என்பது மீதி. நடந்தது என்ன? முத்திரை இல்லாத பத்திரிகைகள் சந்துகளில் விற்றன. விற்றவர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். நைல்கரை சொல்லும் விபிஎன்காரர்களின் முன்னோடிகள் இவர்கள். 1836ல் வரி 1 பென்னியாக இறங்கியது, 1855ல் ஒழிந்தது. எதிர்த்தவர்கள் வைத்த பெயர் 'அறிவின் மேல் வரி'.

இந்தியாவிலும் இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இந்தியன் எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட பத்திரிகைகள் அச்சுக் காகிதத்தின் மேல் போட்ட இறக்குமதி வரியை எதிர்த்தன. 1984 டிசம்பரில் தீர்ப்பு. பத்திரிகைக்கு வரியிலிருந்து முழு விலக்கு கிடையாது, ஆனால் கழுத்தை நெரிக்கும் அளவுக்கு வரி போனால் அது கருத்துரிமையைத் தொடும் என்றது நீதிமன்றம். வரியை மறுபடி பரிசீலிக்கவும் சொன்னது.

இணையத்துக்கு வந்தால், 2019ல் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் கைபேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கில், இணைய அணுகல் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவு போகவில்லை. இணையம் வழியாகப் பேசுவதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்றது. ஆக, 18 சதவீதத்தை ரத்து செய் என்று யாராவது வழக்குப் போட்டால் நிற்காது. "ஒரு செயலியைத் திறக்க நாளுக்கு 3 ரூபாய்" என்று நாளை ஒரு வரி வந்தால் அதை எதிர்க்க நல்ல ஆதாரம் இருக்கிறது. என்னிடம் வந்தால் ஃபீஸ் வாங்காமல் நடத்துவேன்.

#11 நெல்லைச்சீமை

உகாண்டா தனி ஆள் இல்லை. பெனினில் 2018ல் சமூக ஊடகத்துக்கு ஒரு எம்பிக்கு 5 பிராங்க் என்று போட்டார்கள், ஜிபிக்கு 5,000 பிராங்க், கிட்டத்தட்ட 9 டாலர். இணையத்தில் கிளம்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே வாபஸ். லெபனானில் 2019 அக்டோபர் 17 அன்று, வாட்ஸ்அப் அழைப்புக்கு நாளுக்கு 20 சென்ட் என்று அமைச்சர் அறிவித்தார். அன்று இரவே ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வரியை அன்றைக்கே திரும்பப் பெற்றும் கூட்டம் கலையவில்லை, மாத முடிவுக்குள் பிரதமர் ஹரிரி ராஜினாமா. வாட்ஸ்அப் வரி ஒன்றுக்காக மட்டும் என்று சொல்ல மாட்டேன், பொருளாதாரம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. ஆனால் தீப்பிடித்த இடம் அது.

எனக்குப் பிடித்த கதை ஹங்கேரி. 2014 அக்டோபரில் ஓர்பான் அரசு ஒரு ஜிபிக்கு 150 ஃபோரின்ட் வரி என்றது, அன்றைய மதிப்பில் 60 சென்ட். புடாபெஸ்டில் பெரும் கூட்டம் போனை விளக்காகப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆளுங்கட்சி அலுவலகத்தின் மேல் பழைய கம்ப்யூட்டர் பாகங்களை எறிந்தார்கள். மாதத்துக்கு 700 ஃபோரின்ட் என்று உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அக்டோபர் 31 அன்று பிரதமரே கைவிட்டார். அப்புறம் நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. அதே அரசு இணையத்துக்கான வாட்டை 2017ல் 27லிருந்து 18க்கும், 2018ல் 5க்கும் இறக்கியது. பொதுவான வாட் அங்கே 27, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம். அந்த நாட்டில் இணையத்துக்கு 5!

கணக்கர் சார், சிறப்பு விலக்கே கூடாது என்கிறீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#12 யாழ்தேவி

இலங்கையிலிருந்து. இங்கே வரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். 2016 நவம்பரில் 15 வீத வாட் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் வந்தபோது, ஏற்கெனவே இணையத்துக்கு 10 வீதத் தொலைத்தொடர்பு வரி இருந்தது. பெரிய சத்தம் எழும்பியது. 2017 செப்டம்பரில் இணையத்துக்கான அந்தப் பத்து வீதத்தை எடுத்தார்கள், குரல் அழைப்புக்கான வரியை விட்டுவைத்தார்கள். பிறகு 2022 ஒக்டோபரில் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, 2024 ஜனவரியில் வாட் 18.

வடக்கில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை வெளிநாட்டில். முன்பு காசு கட்டி எடுத்த அழைப்புகள் இப்போது முழுக்க டேட்டாவில். அம்மாமார் றீலோட் போடுவதே அதற்குத்தான். குரலுக்குக் கூடிய வரி, டேட்டாவுக்குக் குறைந்த வரி என்று வைத்தது யார் நினைத்துச் செய்தாரோ தெரியாது, எங்கள் ஆட்களுக்கு நல்லதாகப் போனது.

மெயில் வரி பற்றிக் கேட்டீர்கள் அண்ணா. அதற்குக் கிட்ட வந்த ஒன்று இங்கே உண்டு. 2018 வரவு செலவுத் திட்டத்தில் விளம்பரக் குறுஞ்செய்திக்கு ஒன்றுக்கு 25 சதம் (கால் ரூபாய்) வரி கொண்டுவந்தார்கள். கட்ட வேண்டியது அனுப்புகிறவர், வாங்குகிற நாங்கள் இல்லை. இந்த மாதிரி வரி என்றால் எனக்குச் சம்மதம்.

#13 சர்வர்சாமி

யாழ்தேவி அக்கா சொன்னது முக்கியம். இந்தியாவில் அதை வரியாகப் போடாமல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வேறு வழியில் செய்தது. 2011ல் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸுக்கு 5 காசு கட்டணம். தனி ஆளுக்கு நாளைக்கு 100 என்று உச்சவரம்பு, தீபாவளி முடிந்த கையோடு அதை 200 ஆக்கினார்கள். தனி ஆளுக்கான வரம்பை 2012ல் டெல்லி உயர் நீதிமன்றம் தூக்கிவிட்டது. அதற்குள் எல்லாரும் வாட்ஸ்அப்புக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள்.

மெயிலிலும் ஸ்பாமை (வேண்டாத மெயிலை) அடக்க 'ஸ்டாம்ப்' வைக்கலாம் என்று வெகுநாளாகப் பேச்சு உண்டு. பணத்துக்குப் பதில் உழைப்பு. 1997ல் ஆடம் பேக் என்பவர் 'ஹேஷ்கேஷ்' என்று ஒன்று செய்தார். ஒவ்வொரு மெயிலுக்கும் அனுப்புகிற கம்ப்யூட்டர் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். பத்து மெயில் அனுப்புகிறவனுக்கு அது தெரியவே தெரியாது, பத்து லட்சம் அனுப்புகிறவனுக்கு மின்சாரச் செலவு. பின்னால் பிட்காயினுக்கு அடிப்படையான யோசனைகளில் இது ஒன்று. மெயிலுக்கு மட்டும் பயன்படவில்லை. ஸ்பாம் அனுப்புகிறவன் சொந்தக் கம்ப்யூட்டரில் அனுப்புவதில்லை. வைரஸ் புகுந்த உங்கள் கம்ப்யூட்டரில் இருந்து அனுப்புகிறான். மின்சாரச் செலவு உங்கள் தலையில். நாளை மெயிலுக்கு வரி போட்டாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

#14 மட்டுறுத்துநர்

நடுவில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்தக் கட்சி ஆட்சியில் எவ்வளவு வரி என்ற சண்டைக்குத் தனி இழை இருக்கிறது.

#15 கணக்கர்63

நெல்லைச்சீமைக்குப் பதில். ஹங்கேரியின் 5ஐ நான் எதிர்க்கவில்லை, அது குறைந்த விகிதம். நான் எதிர்ப்பது தபால்பெட்டி ஐயா சொல்கிற மாதிரியான முழு விலக்கை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஃபைபர், டீசல் ஜெனரேட்டர், சாஃப்ட்வேர் என்று நிறுவனம் வாங்கும் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி கட்டியிருக்கும். உங்களிடம் வசூலித்த 45 ரூபாயில் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குக் கட்டும். ரீசார்ஜுக்கு வரி இல்லை என்று விலக்கு கொடுத்தால் அந்தக் கழிவு போய்விடும். ஃபைபருக்குக் கட்டிய வரி நிறுவனத்துக்குச் செலவாகிவிடும், செலவு விலையில் ஏறும். 299 பேக் 253 ஆகாது. வரி பில்லில் இருந்து மறைந்து விலைக்குள் ஒளிந்துகொள்ளும். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியை எடுத்தபோதும் இதே சிக்கல்தான் பேசப்பட்டது. அந்தத் திருத்தத்திலும் ரீசார்ஜ் 18லேயே நின்றது.

5 சதவீதம் போட்டு, கழிவையும் விட்டுவைத்தால்? 253.39க்கு 5 சதவீதம் சேர்த்தால் 266 ரூபாய் சொச்சம். இதற்கு நானும் கை தூக்குவேன்.

#16 நெல்லைச்சீமை

அப்படியானால் கூகுள், மெட்டா மாதிரி நிறுவனங்களிடம் வாங்கட்டும். எங்கள் தலையில் எதற்கு?

#17 கணக்கர்63

வாங்கிப் பார்த்தோமே. 2016ல் ஆன்லைன் விளம்பரத்துக்கு 6 சதவீதச் சமன்படுத்தும் வரி, 2020ல் வெளிநாட்டு ஆன்லைன் வர்த்தகத்துக்கு 2 சதவீதம். அமெரிக்கா பதில் நடவடிக்கை என்று மிரட்டியது. 2 சதவீதம் 2024 ஆகஸ்டில் போனது, 6 சதவீதம் 2025 ஏப்ரலில் போனது. பிரிட்டனும் ஆஸ்திரியாவும் இதேபோல் போட்டபோது கூகுள் 2020 நவம்பரிலிருந்து விளம்பரதாரர் பில்லில் பிரிட்டனுக்கு 2, ஆஸ்திரியாவுக்கு 5 சதவீதம் என்று தனியாகச் சேர்த்துவிட்டது. விளம்பரம் கொடுத்த சோப்புக் கம்பெனி அதை எங்கே ஏற்றியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

#18 தபால்பெட்டி

கணக்கர் சார் சொல்வது புரிகிறது. ஆனால் கிராமத்துக்கென்று வாங்கும் அந்த 5 சதவீத நிதி? ஒழுங்காகச் செலவானால் நானே 18ஐயும் சந்தோஷமாகக் கட்டுவேன். பெரிய தொகை வருஷக்கணக்கில் செலவழியாமல் கிடந்ததாக நாடாளுமன்றம் வரை பேசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மாடிக்கு ஏறினால்தான் சிக்னல்.

#19 குறுக்குச்சால்

எல்லாருக்கும் நன்றி. கணக்கர் சார், 266 கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் சந்தேகம் ஒன்று. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் விலை ஏற்றியபோது இந்த 299 பேக் 239லிருந்து வந்தது. ஒரே நாளில் 60 ரூபாய். மொத்த வரியே 45 ரூபாய் 61 காசுதான். வரியை 5க்கு இறக்கினால் அந்த 33 ரூபாய் என் வாடிக்கையாளருக்கு வரும் என்று என்ன நிச்சயம்?

#20 கணக்கர்63

நிச்சயம் இல்லை. வரி குறைந்தும் விலையைக் குறைக்காத நிறுவனங்கள் மேல் புகார் கொடுக்க ஜிஎஸ்டியில் ஒரு ஆணையம் இருந்தது. 2022 டிசம்பரில் அந்த வேலையைப் போட்டி ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து புதுப் புகார் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். எனவே போட்டி இருந்தால் குறையும். மூன்றரைக் கம்பெனி இருக்கும் சந்தையில் எவ்வளவு போட்டி என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

#21 கறுப்புக்கோட்டு

மூன்றரையா? அந்த அரை எது என்று சொல்லாதீர்கள், மட்டுறுத்துநர் வந்துவிடுவார்.

#22 குறுக்குச்சால்

அப்படியென்றால் விகிதச் சண்டைக்கு முன்னால் ஒன்றைக் கேட்பேன். டாப்-அப் ஞாபகம் இருக்கிறதா? 10 ரூபாய் போட்டால் 7 ரூபாய் 47 காசு ஏறும். 100 போட்டால் 81 ரூபாய் 75 காசு. ஒரு ஆள் விடாமல் கேட்பார்கள், "மீதி எங்கேப்பா?" என்று. பத்தில் ஒரு ரூபாய் 53 காசு வரி, 1 ரூபாய் கம்பெனி செயலாக்கக் கட்டணம் என்று தினம் நாலு பேருக்காவது விளக்கியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். பேக் வந்த பிறகு ஒருவரும் கேட்பதில்லை. 299 கொடுத்தால் 28 நாள், அவ்வளவுதான். ரீசார்ஜ் ஆனதும் வரும் எஸ்எம்எஸ்ஸில் 'இதில் வரி 45.61' என்று ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லி டிராய்க்கு எழுதப் போகிறேன். கறுப்புக்கோட்டு சார், மனு எப்படி எழுதுவது என்று சொல்லுங்கள்.

#23 கறுப்புக்கோட்டு

டிராய் விதிமுறை மாற்றத்துக்கு முன் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும், அப்போது அனுப்பினால் பதிவாகும். காத்திருக்க வேண்டாம் என்றால் நேரடியாகவே எழுதுங்கள். டாப்-அப்புக்கு வரி, கட்டணம், மீதித் தொகை என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது 2012 நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறையிலேயே இருக்கிறது. அதை பேக்குக்கும் நீட்டுங்கள் என்று கேட்டால் புதிதாக எதுவும் கேட்டதாக ஆகாது. வரைவை இங்கேயே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.